ஒரு ரோட்டுக்காக எட்டரை மாசம்: சல்வீனைத் தாண்டின சீனப் படை

ரெண்டாம் உலகப்போர்னு பேச்சு வந்தாலே சீனா அடி வாங்குற பக்கமாத்தான் வரும். நான்ஜிங் படுகொலை, சோங்சிங் மேல குண்டு, ஊர் ஊரா பின்வாங்கல், பஞ்சம். அதுல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா அதுவே முழுக் கதையும் இல்ல. ஜப்பான்காரன் ரெண்டு வருஷமா பங்கர் கட்டி உக்காந்திருந்த ஒரு மலைப்பகுதியை சீனப் படை ஆத்தைத் தாண்டிப் போயி ஒவ்வொரு ஊரா, ஒவ்வொரு மேடா பிடிச்ச சம்பவமும் நடந்திருக்கு. 1944 மே மாசம் ஆரம்பிச்சு 1945 ஜனவரி கடைசியில முடிஞ்ச மேற்கு யூனான் எதிர்த்தாக்குதல். ஜெயிச்ச சண்டைதான், ஆனா என்ன விலை குடுத்தாங்க, எதுக்காக குடுத்தாங்க, கடைசியில அந்த விலைக்கு சரக்கு கிடைச்சுதாங்கிறதுதான் எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

முதல்ல மேப். சல்வீன் ஆறு திபெத்துல பிறந்து சீனாவோட யூனான் மாகாணத்துக்குள்ள வடக்கு தெற்கா இறங்கி, பர்மா முழுக்க ஓடி, நம்ம செட்டியார்கள் ஒரு காலத்துல கடை வச்சிருந்த மௌல்மீன் கிட்ட கடல்ல கலக்குது. சீனாவுல அதுக்குப் பேர் நு ஜியாங், அந்த எழுத்துக்கு கோபம்னு அர்த்தம். பேருக்கேத்த ஆறுதான், ரெண்டு பக்கமும் செங்குத்து மலை, நடுவுல கிடுகிடு பள்ளத்துல சீறிக்கிட்டு ஓடும். மேற்குக் கரையில காவோலிகோங் மலைத்தொடர், 3,000 மீட்டருக்கு மேல. அதுக்கு அந்தப் பக்கம் தெங்சோங் ஊர், தெற்கால லோங்லிங், இன்னும் தள்ளிப் போனா வான்டிங், அதோட பர்மா பார்டர்.

இந்த மலையையெல்லாம் குறுக்க வெட்டிக்கிட்டு போறதுதான் பர்மா ரோடு. 1937-ல ஜப்பான் சீனாவோட கடற்கரை துறைமுகங்களை ஒண்ணொண்ணா அடைச்சதும், வெளியிலேருந்து ஆயுதமும் பெட்ரோலும் கொண்டு வர பின்வாசல் ஒண்ணு வேணும்னு குன்மிங்லேருந்து பர்மாவோட லாஷியோ வரைக்கும் 1,100 கிலோமீட்டருக்கு மேல ரோடு போட்டாங்க. போட்டவங்க யாருன்னா பெரும்பாலும் பொம்பளைங்க, வயசானவங்க, பிள்ளைங்க, ஏன்னா வாலிபப் பசங்க எல்லாம் பட்டாளத்துல. சுமார் 2 லட்சம் பேர், மெஷின் கிடையாது, கடப்பாரை கூடை, கையால இழுக்குற கல் ரோலர், அவ்வளவுதான். அப்புறம் அந்த ரோட்டுல லாரி ஓட்ட ஆள் இல்லன்னு மலாயா, சிங்கப்பூர்லேருந்து 3,000-க்கும் மேற்பட்ட சீன டிரைவர்களும் மெக்கானிக்குகளும் 1939-ல தானா முன்வந்து போனாங்க, அவங்கள்ல ஆயிரம் பேருக்கு மேல திரும்பவே இல்ல. பினாங்குல அவங்களுக்கு நினைவுத்தூண் இருக்கு, மலேசியாவுல இருக்கிற நம்மாளுங்க பாத்திருக்கலாம்.

1942 மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு. நம்ம பக்கம் அதை பர்மாத் தமிழர்கள் கால்நடையா இந்தியாவுக்கு நடந்த வருஷமாத்தான் ஞாபகம் வச்சிருக்கோம். அதே சமயத்துல, அதே படையெடுப்போட இன்னொரு முனை வடகிழக்கா ஓடிட்டு இருந்துச்சு. ஏப்ரல் 29 லாஷியோ போச்சு, அங்கேருந்து ஜப்பானோட 56-வது டிவிஷன் லாரியில ஏறி அதே பர்மா ரோட்டுல, சீனா தனக்காகப் போட்ட ரோட்டுல, சீனாவுக்குள்ளேயே புகுந்துச்சு. ஒரே வாரத்துல சல்வீன் கரைக்கு வந்துட்டாங்க. அங்க ஆத்தைத் தாண்ட இருந்தது ஹுய்டோங் தொங்கு பாலம் ஒண்ணுதான். மே 5, பாலம் முழுக்க அகதிங்க, லாரிங்க, தோத்து வர்ற சிப்பாய்ங்க. அந்தக் கூட்டத்துக்குள்ள மாறுவேஷத்துல ஜப்பான்காரங்களும் கலந்து வந்தாங்கன்னும், வழியை அடைச்ச ஒரு லாரிக்காரனை காவலுக்கு நின்னவங்க சுட, அந்த சத்தத்தைக் கேட்டு மாட்டிக்கிட்டோம்னு நினைச்சு இவங்க முந்திக்கிட்டு சுட ஆரம்பிச்சாங்கன்னும் அந்தப் பக்கம் ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, பாலத்தை சீன இன்ஜினியர்கள் அன்னிக்கே வெடி வச்சு தகர்த்தாங்க, பின்னாடி வந்த ஜனங்க அந்தக் கரையிலேயே மாட்டிக்கிட்டாங்க. படகுல தாண்டி வந்த சில நூறு ஜப்பான்காரங்களை 36-வது டிவிஷன் வந்து திருப்பி அடிச்சு விரட்டுச்சு. அதோட ஆறே எல்லையாச்சு. கிழக்குக் கரை சீனா, மேற்குக் கரை ஜப்பான், ரெண்டு வருஷம் இப்படியே.

ரோடு போனதும் மிச்சம் இருந்தது ஆகாய வழி மட்டும்தான். அஸ்ஸாம்லேருந்து இமயமலையோட கிழக்கு முனையைத் தாண்டி குன்மிங்குக்கு பிளேன்ல சரக்கு, அதைத்தான் ஹம்ப்னு சொல்வாங்க. போர் முடியிறதுக்குள்ள சுமார் ஆறரை லட்சம் டன் சுமந்தாங்க, 600-க்கு பக்கத்துல விமானங்களை இழந்தாங்க. ஆரம்பத்துல மாசத்துக்கு சில ஆயிரம் டன் போனாலே பெருசு. அதுனால அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லுக்கு தலையில ஒரே எண்ணம்தான், தரைவழியை மறுபடி திறக்கணும். அஸ்ஸாம்ல லேடோங்கிற ஊர்லேருந்து வடக்கு பர்மா வழியா புது ரோடு போட்டு, அதைப் பழைய பர்மா ரோட்டோட சேத்துடணும். சேர்ற இடம் பூரா 56-வது டிவிஷன் கையில.

இதுக்கு நடுவுல தெங்சோங்ல நடந்த ஒண்ணைச் சொல்லியே ஆகணும். ஊரு ஜப்பான் கையில போனதும், இருந்த கலெக்டர் மாதிரியான அதிகாரி ஓடிட்டாரு. ஜாங் வென்டேன்னு 62 வயசு உள்ளூர் பெரியவர், மலைப்பக்கம் ஒதுங்கியிருந்து போட்டி அரசாங்கம் நடத்த ஒத்துக்கிட்டாரு. 1943-ல தெங்சோங் ஜப்பான் நிர்வாகி தாஜிமா அவருக்கு ஒரு லெட்டர் போட்டாரு, ரொம்ப மரியாதையா, மக்கள் கஷ்டப்படுறாங்க, நாம உக்காந்து பேசலாம்னு. பெரியவர் எழுதின பதில் சீனாவுல இன்னிக்கும் ஃபேமஸ். மக்களோட கஷ்டத்துக்குக் காரணமே நீங்கதான், அதைத் தீக்கணும்னா முதல்ல நீங்க கிளம்புங்கங்கிறதை பழைய இலக்கிய நடையில, ஒரு வசவுச் சொல் இல்லாம எழுதியிருப்பாரு. திட்டுறதுன்னா அப்படித் திட்டணும்.

சரி, படைக்கு வருவோம். சீனா தரப்புல ரெண்டு கை. ஒண்ணு இந்தியாவுல வளந்தது. 1942 தோல்வியில பர்மாலேருந்து இந்தியாப் பக்கம் தப்பி வந்த சீனச் சிப்பாய்கள பீகார்ல, இப்போ ஜார்க்கண்ட்ல இருக்கிற ராம்கர்ல வச்சு ஸ்டில்வெல் பயிற்சி குடுத்தாரு. ராம்கர்னா 1940-ல ஆசாத் தலைமையில காங்கிரஸ் மாநாடு நடந்ததே, அதே ராம்கர்தான், அப்புறம் அங்க இத்தாலிக் கைதிகளுக்கு முகாம் இருந்துச்சு, அதுக்கப்புறம் சீனப் படை. ஹம்ப்ல சரக்கு இறக்கிட்டு காலியாத் திரும்புற பிளேன்ல புது ஆளுங்களை ஏத்திக்கிட்டு வந்து ஆள் சேத்தாங்க. மூணு வேளை சாப்பாடு, ஊசி மருந்து, அமெரிக்கத் துப்பாக்கி. இவங்கதான் எக்ஸ் ஃபோர்ஸ், சுன் லிஜென் மாதிரி நல்ல தளபதிகளோட 1943 கடைசியிலேயே வடக்கு பர்மா காட்டுக்குள்ள இறங்கிட்டாங்க.

இன்னொரு கை யூனான்ல இருந்த ஒய் ஃபோர்ஸ். தளபதி வெய் லிஹுவாங், 'நூறு வெற்றி வெய்'னு பட்டப்பேர். இவங்களுக்கு ராம்கர் சாப்பாடு இல்ல. டிவிஷன்னு பேப்பர்ல இருக்கும், எண்ணிப் பாத்தா பாதி ஆள்தான், அதுல பாதிப் பேர் மலேரியாவுல படுத்திருப்பான், கால்ல வைக்கோல் செருப்பு. பீரங்கியும் பயிற்சியும் அமெரிக்கா ஓரளவு குடுத்துச்சு, ஆனா எல்லாமே ஹம்ப் வழியா சொட்டுச் சொட்டா வந்ததுதான்.

ஒய் ஃபோர்ஸ் ஆத்தைத் தாண்டுமா தாண்டாதாங்கிறதுதான் 1944 தொடக்கத்துல பெரிய கேள்வி. சீனாவோட தலைவர் சியாங் கை ஷேக் இழுத்தடிச்சாரு. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஏப்ரல் 3-ஆம் தேதி காட்டமா ஒரு தந்தி அடிச்சாரு, உங்ககிட்ட அமெரிக்க ஆயுதத்தோட இவ்வளவு படை இருக்கு, எதிர்ல இருக்கிறது ஆள் குறைஞ்சு போன ஒத்த டிவிஷன், இன்னும் என்ன யோசனைங்கிற மாதிரி. பதில் வரல. அடுத்து, ஒய் ஃபோர்ஸுக்கு வர்ற ஹம்ப் சரக்கை நிறுத்தி சீனாவுல இருந்த அமெரிக்க ஜெனரல் செனால்ட்டோட விமானப்படைக்கு மாத்தி விட்டுருவோம்னு மிரட்டல். அது வேலை செஞ்சுது. ஏப்ரல் 14 அன்னிக்கு ராணுவ மந்திரி ஹோ யிங்சின் தாக்குதல் உத்தரவுல கையெழுத்துப் போட்டாரு.

மூணே நாள். ஏப்ரல் 17 ராத்திரி, நாட்டோட இன்னொரு மூலையில, ஜப்பான் மஞ்சள் ஆத்தைத் தாண்டி ஹெனான் மாகாணத்துக்குள்ள இறங்குச்சு. அதுதான் இச்சி-கோ ஆபரேஷன், ஜப்பான் தரைப்படை தன் சரித்திரத்துலயே நடத்தின மிகப் பெரிய படையெடுப்பு, சுமார் 5 லட்சம் பேர். ஜூன்ல சாங்ஷா, ஆகஸ்ட்ல ஹெங்யாங், நவம்பர்ல குய்லின்னு சீனாவோட நெஞ்சுப் பகுதியே கிழிஞ்சுட்டு இருக்கும்போது, இருந்த நல்ல படையில பெரும் பகுதி மேற்கு மூலையில ஒரு ரோட்டுக்காக மலை ஏறிட்டு இருந்துச்சு. சியாங் இழுத்தடிச்சதை அமெரிக்கக்காரங்க ரொம்ப நாள் கோழைத்தனம், கஞ்சத்தனம்னே எழுதினாங்க. அந்த ஆளை எனக்கு ஒண்ணும் பிடிக்காதுதான், ஆனா இந்த ஒரு விஷயத்துல அவரோட பயம் நியாயமான பயம்.

மே 11 ராத்திரி தாண்டினாங்க. அமெரிக்க ரப்பர் படகு, மூங்கில் தெப்பம், பல துறைகள்ல ஒரே நேரத்துல. கரையிலேயே ஜப்பான் பெருசா எதிர்க்கல, ஆனா எதிர்க்காததுக்குக் காரணம் ஏமாந்தது இல்ல. பிப்ரவரி மாசமே ஒரு சீன விமானம் தெங்சோங் பக்கம் வழிதவறி இறங்கி, அதுல இருந்த சங்கேதக் குறியீட்டுப் புத்தகம் 56-வது டிவிஷன் கையில சிக்கிடுச்சு. சீன ரேடியோவை அவங்க படிச்சுக்கிட்டே இருந்தாங்க. டிவிஷன் தளபதி மாட்சுயாமா யூஸோவுக்கு யார் எங்க வரப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரியும், ஆத்தங்கரையில மோதாம மேல மலைக் கணவாயில காத்திருந்தாரு.

காவோலிகோங் மேல நடந்தது சண்டைங்கிறதை விட தண்டனைன்னு சொல்லலாம். 20-வது படைத்தொகுதி கணவாய் கணவாயா ஏறணும், மழை, மேகத்துக்குள்ள சண்டை, உள்ளூர் ஜனங்க முதுகுல அரிசி சுமந்து ஏத்துறாங்க, வழுக்கி மூட்டையோட பள்ளத்துல போனவங்க எத்தனையோ. சிப்பாய்களுக்கு கோடைக்கால உடுப்புதான், குளிர்லயும் பட்டினியிலயும் செத்தவங்க குண்டடி படாமலே செத்தாங்க. வானம் தெளிஞ்ச நேரத்துல மட்டும் பிளேன் வந்து அரிசியும் தோட்டாவும் போடும். இவ்வளவுக்கும் அப்புறம் ஜூன்ல கணவாய்களைத் தாண்டி தெங்சோங் சமவெளியைப் பாத்துட்டாங்க.

ஜப்பான் ஏன் கூடுதல் படை அனுப்பலன்னு கேக்கலாம். அனுப்ப ஆள் இல்ல. இதே மாசங்கள்லதான் இம்பால், கோஹிமா சண்டை நடந்துட்டு இருந்துச்சு, நேதாஜியோட ஐ.என்.ஏ.யும் அங்க ஜப்பானோட சேர்ந்து இறங்கின நேரம், மலாயா தோட்டத்துலேருந்து போன தமிழ்ப் பசங்க நிறையப் பேர் இருந்த அதே ஐ.என்.ஏ. பர்மாவுல இருந்த ஜப்பான் படையோட பெரும் பலம் அந்தப் பக்கம் கரைஞ்சுட்டு இருக்க, வடக்கு பர்மாவுல மிட்சினா ஊரை எக்ஸ் ஃபோர்ஸும் அமெரிக்கர்களும் சுத்தி வளைச்சிருந்தாங்க. சுமார் 11,000 பேரோட 56-வது டிவிஷன் தனியா மாட்டிக்கிச்சு. எதிர்ல முதல்ல 70,000-க்கு மேல, பின்னாடி லட்சத்தைத் தாண்டுன சீனப் படை.

அப்போ ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கணுமே? இங்கதான் சோங்ஷான் வருது.

ஜூன் தொடக்கத்துல வெய் லிஹுவாங் பிளானை மாத்தி, தெற்கால சுங் ஷிலியானோட 11-வது படைத்தொகுதியை முழுசா இறக்கினாரு. மாட்சுயாமா தன் ஆளுங்களை வடக்க குவிச்சிருந்ததால இது நல்ல அடி. ஜூன் ரெண்டாம் வாரத்துல லோங்லிங் ஊரோட பெரும் பகுதி சீனப் படை கையில. ஆனா லோங்லிங்குக்குப் போற ரோட்டை சோங்ஷான் மலை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைப் பிடிக்காம ஆட்டுப்பாதை வழியா சுத்திக்கிட்டுப் போனவங்களுக்கு பின்னாலேருந்து தோட்டாவும் சோறும் ஆள் தலையிலயும் கோவேறு கழுதை முதுகுலயும்தான் வரணும். மழைக்காலத்துல அது வரல. ஜூன் நடுவுல 1,500 ஜப்பான்காரங்க திருப்பி அடிச்சதும் அதைப்போல பல மடங்கு இருந்த சீனப் படை ஊரை விட்டுப் பின்வாங்கிடுச்சு. அப்போ இதை நேர்ல பாத்த அமெரிக்க அதிகாரிங்க கடுப்பாயிட்டாங்க. எனக்கென்னவோ அந்த எண்ணிக்கையை மட்டும் வச்சு தீர்ப்புச் சொல்றது சரியாப் படல, துப்பாக்கி இருந்து தோட்டா இல்லாதவனை ஆளாக் கணக்குல சேக்கலாமா என்ன.

சோங்ஷான்னா பைன் மலை. தகர்த்த பாலத்துக்கு நேர் மேல, ஆத்து மட்டத்துலேருந்து சுமார் 1,500 மீட்டர் உசரத்துல நிக்குது. அங்க உக்காந்தா கீழ பாலமும் எதிர்க்கரையில வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ரோடும் உள்ளங்கையில தெரியும். ஜப்பான் எழுத்துலயும் சீன எழுத்துலயும் அந்த மலைப்பேரும் மாட்சுயாமாங்கிற தளபதி பேரும் ஒண்ணேதான், அதே ரெண்டு எழுத்து. ஜப்பான்காரங்க ஆனா அந்த இடத்தை லாமோன்னுதான் சொன்னாங்க, பக்கத்து கிராமத்தோட பேரை வச்சு.

காவலுக்கு இருந்தது வெறும் 1,300 பேர் சொச்சம், காயம் பட்டவங்களையும் சேத்து. தலைமை கனெமிட்சுன்னு ஒரு பீரங்கிப்படை மேஜர். ஆனா ரெண்டு வருஷமா தோண்டியிருந்தாங்க. ஒவ்வொரு மேட்டுலயும் பெரிய மரத்தடிகளை அடுக்கடுக்கா போட்டு, நடுவுல மண்ணைக் கொட்டி, மேல புல் முளைக்க விட்டு பங்கர். ஒரு பங்கரை அடிக்க ஏறினா ரெண்டு பக்கத்து பங்கரும் விலாவுல சுடும். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு பதுங்குகுழி, தண்ணிக்கு ஏற்பாடு, அரிசி தோட்டா ஸ்டாக். பிளேன் போட்ட குண்டும் பீரங்கி குண்டும் மேல இருந்த மரத்தையெல்லாம் மொட்டையாக்குச்சு, உள்ள இருந்தவனுக்கு ஒண்ணும் ஆகல.

ஜூன் 4 ஆரம்பிச்சாங்க. புது 28-வது டிவிஷன் ஏறுச்சு, மேல போறதுக்குள்ள பாதி காலி. ஜூலையில 8-வது படையைக் கொண்டு வந்தாங்க. ஹோ ஷாவோஜோ தளபதி, கூட லி மின்னு ஒரு துணைத் தளபதி, இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க. காலையில பீரங்கி அடிக்கும், பீரங்கி நின்னதும் சீனச் சிப்பாய்ங்க சரிவுல ஏறுவாங்க, ஜப்பான்காரன் கடைசி சில மீட்டர் வர்ற வரைக்கும் சுட மாட்டான். அப்புறம் மிஷின் கன்னும் கையெறி குண்டும். மழைச் சேத்துல செத்தவங்க மேலயே அடுத்த வரிசை ஏறும். ஒரு மேட்டைப் பிடிச்சா ராத்திரி இருட்டுல ஜப்பான்காரன் வந்து திருப்பிப் பிடிப்பான். அமெரிக்கா குடுத்த ஃபிளேம் த்ரோவர் வந்ததுக்கு அப்புறம்தான் சின்ன பங்கர்கள் ஒண்ணொண்ணா விழ ஆரம்பிச்சுது, ஆனா உச்சி மேடு மட்டும் அசையல.

மேலே ஏற முடியலன்னா அடியில போவோம்னு ஆகஸ்ட் தொடக்கத்துல முடிவு பண்ணாங்க. உச்சிக்குக் கீழ, ஜப்பான்காரன் கண்ணுல படாத சரிவுலேருந்து சுரங்கம் தோண்ட ஆரம்பிச்சாங்க. ராத்திரி பகலா ஷிஃப்ட். தோண்டுற சத்தம் மேல கேக்கக் கூடாதுன்னு அந்த நாட்கள் முழுக்க மேல தாக்குதல் மாதிரி காட்டிக்கிட்டே இருந்தாங்க. சுரங்கம் முடிஞ்ச இடத்துல ரெண்டு அறை வெட்டி, மொத்தம் சுமார் 3 டன் டிஎன்டி வெடிமருந்தை பெட்டி பெட்டியா உள்ள கொண்டு போயி அடுக்கி, மண்ணால அடைச்சு, ஆகஸ்ட் 20 காலையில ஒன்பது மணி வாக்குல பத்த வச்சாங்க. தூரத்துல நின்னு பாத்தவங்களுக்கு பெருசா சத்தமே கேக்கலையாம், தரை குலுங்கி, உச்சி மட்டும் அப்படியே மேல கிளம்பி புகையா நின்னு கீழ விழுந்திருக்கு. அந்த ரெண்டு பள்ளமும் இப்பவும் அங்க இருக்கு, உள்ள மரம் முளைச்சு நிக்குது.

உச்சி போயும் ஜப்பான்காரங்க சரணடையல. இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்துச்சு. செப்டம்பர் 6 கனெமிட்சு செத்தாரு, மறுநாள் ரெஜிமென்ட் கொடியை எரிச்சுட்டு மிச்சம் இருந்தவங்க கடைசித் தாக்குதல்ல போய்ச் சேந்தாங்க. நடந்ததைச் சொல்றதுக்கு ஒரு ஆபீசரை மட்டும் முன்னாடியே தப்பிச்சுப் போகச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. சீனத் தரப்புல இந்த ஒரு மலைக்கு செத்தவங்க மட்டும் 7,000-க்கு மேல. ஒரு ஜப்பான்காரனுக்கு ஆறு சீனன்னு கணக்குப் போடுவாங்க.

மலை மேல பெண்களும் இருந்தாங்க. ஜப்பான் ராணுவம் கொரியாவுலேருந்து ஏமாத்தியும் கட்டாயப்படுத்தியும் கொண்டு வந்து அடைச்சு வச்சவங்க, 'ஆறுதல் பெண்கள்'னு கூசாம பேர் வச்சு. சண்டை முடியுற நாட்கள்ல அவங்கள்ல கொஞ்சம் பேர் உயிரோட வெளிய வந்தாங்க. அமெரிக்க ராணுவ போட்டோகிராஃபர் எடுத்த ஒரு படம் இருக்கு, நாலு பொண்ணுங்க, பக்கத்துல சிரிச்சுக்கிட்டு ஒரு சீனச் சிப்பாய், வலது ஓரத்துல நிறைமாசக் கர்ப்பிணி ஒருத்தி பின்னால மண் சரிவுல சாஞ்சுக்கிட்டு, வெறுங்கால். ஐம்பது வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வட கொரியாவுல ஒரு பாட்டி அந்தப் படத்தைப் பாத்து, இது நான்தான்னு சொன்னாங்க.

தெங்சோங் வேற மாதிரி சண்டை. சுத்திலும் கல் மதில் உள்ள பழங்கால ஊர், ஜேட் கல் வியாபாரத்துல செழிச்ச ஊர். ஜூலை கடைசியில தெற்கால இருந்த லாய்ஃபெங் குன்றைப் பிடிச்சாங்க, ஆகஸ்ட் தொடக்கத்துல அமெரிக்க பி-25 விமானங்க மதில்ல ஓட்டை போட்டுச்சு. உள்ள போனதுக்கு அப்புறம் ஒவ்வொரு வீடா, சுவரை உடைச்சு அடுத்த வீடா, தெருவுல இறங்கினா சாவு. நாலு வாரத்துக்கு மேல ஊருக்குள்ளேயே சண்டை. செப்டம்பர் 14 முடிஞ்சப்போ உள்ள இருந்த சுமார் 2,000 ஜப்பான்காரங்களோட ஊரும் சேந்து முடிஞ்சுது, கூரையோட ஒரு வீடு பாக்க முடியல. சீனத் தரப்புல 9,000-க்கு மேல பலி. லெட்டர் எழுதுன பெரியவர் ஜாங் வென்டே, ஊர் திரும்பக் கிடைச்சதும் வேலையை ராஜினாமா பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

செப்டம்பர்ல ஜப்பான் கடைசியா ஒரு முயற்சி பண்ணுச்சு, 33-வது படையை வச்சு லோங்லிங் பக்கம் உடைச்சுக்கிட்டு வந்து சிக்கினவங்களை மீட்கணும்னு. ஒரு சின்னக் காவல் படையை மட்டும் மீட்க முடிஞ்சுது. அந்த நெருக்கடியிலதான் சியாங் பயந்து போய், ஒய் ஃபோர்ஸை ஆத்துக்கு இந்தப் பக்கமே கூப்பிட்டுக்கறேன்னு சொல்ல, ஸ்டில்வெல் அதை வாஷிங்டனுக்குப் போட்டுக்குடுக்க, அங்கேருந்து ரூஸ்வெல்ட் பேருல செப்டம்பர் 19-ல வந்த கடுமையான தந்தியை ஸ்டில்வெல்லே நேர்ல கொண்டு போயி சியாங் கையில குடுக்க, அந்த அவமானத்தை சியாங் மறக்கவே இல்ல. அக்டோபர்ல ஸ்டில்வெல்லை அமெரிக்கா திரும்பக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. ரோட்டுக்காக ரெண்டு வருஷம் உயிரைக் குடுத்து உழைச்ச ஆள், ரோடு திறக்கும்போது சீனாவுல இல்ல.

அதுக்கப்புறம் சரசரன்னு போச்சு. லோங்லிங் நவம்பர் 3, மாங்ஷி நவம்பர் 20, 1945 ஜனவரி 20-ல எல்லையோர வான்டிங். ஜனவரி 27 அன்னிக்கு பர்மாவுக்குள்ள மோங்யூ பக்கம் ரெண்டு கையும் சேந்துச்சு. இந்தியாவுலேருந்து நடந்து வந்த எக்ஸ் ஃபோர்ஸ் ஹெல்மெட், பூட்ஸோட தெம்பா நிக்க, யூனான்லேருந்து வந்த ஒய் ஃபோர்ஸ் கிழிஞ்ச உடுப்போட ஒல்லியா நிக்க, ரெண்டும் ஒரே நாட்டுப் படைன்னு சொன்னா நம்ப முடியாத மாதிரி. லேடோலேருந்து 113 வண்டியோட கிளம்பின முதல் கான்வாய் பிப்ரவரி 4 குன்மிங் போய்ச் சேந்துச்சு. சியாங் அந்த ரோட்டுக்கு ஸ்டில்வெல் ரோடுன்னே பேர் வச்சாரு. பெருந்தன்மையா குத்தலான்னு எனக்கு இன்னும் பிடிபடல.

இப்போ அந்த உறுத்தல். சீனக் கணக்குப்படி மேற்கு யூனான் சண்டையில மட்டும் செத்தவங்க, காயம் பட்டவங்க 67,000-க்கு மேல. இவ்வளவு குடுத்துத் திறந்த ரோட்டுல 1945 ஜூலை மாசம் போன சரக்கு சுமார் 6,000 டன். அதே மாசம் ஹம்ப் விமானங்க கொண்டு போனது 71,000 டன். காரணம் என்னன்னா 1944 ஆகஸ்ட்ல மிட்சினா பிடிபட்டதும் விமானங்க உயரமான மலையை விட்டுட்டு தெற்கால தாழ்வான வழியில பறக்க முடிஞ்சுது, பெரிய விமானங்களும் வந்து சேந்துச்சு, ரோடு தயாராகுறதுக்குள்ள அதோட வேலையை ஆகாயமே செஞ்சு முடிச்சிருச்சு. அடுத்த ஆகஸ்ட்ல போரே முடிஞ்சு போச்சு. சர்ச்சில் முன்னாடியே இந்த ரோடு வேலை முடியுறப்போ தேவையே இருக்காதுன்னு ஆட்சேபிச்சவர்தான், அந்த ஒரு கணிப்புல அவர் சொன்னது பலிச்சுது.

அதுனால வீண்னு சொல்லிடலாமா? சீனா பக்கத்துலேருந்து பாத்தா நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரோட்டுக் கணக்கு அமெரிக்கன் கணக்கு. தெங்சோங்காரனுக்கும் லோங்லிங்காரனுக்கும் அது சொந்த ஊர், ரெண்டு வருஷமா அடுத்தவன் பிடியில இருந்த ஊர். எனக்குக் கோபம் வேற இடத்துல. பீரங்கியும் விமானமும் போதுமான அளவுக்கு வர்ற வரைக்கும் சோங்ஷான்ல அந்த முதல் ஆறு வாரம் சிப்பாய்களை வரிசை வரிசையா சரிவுல ஏத்தின முடிவு இருக்கே, சுரங்க யோசனை ஜூன்லயே வந்திருந்தா அதுல எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பான்.

தப்பிச்சவங்களுக்கும் நல்ல காலம் வரல. நாலு வருஷத்துல உள்நாட்டுப் போர் முடிஞ்சு கம்யூனிஸ்ட்கள் ஜெயிச்சாங்க, இவங்க எல்லாம் தோத்த பக்கத்துப் படை. சுங் ஷிலியான் 1949-ல கைதாகி பத்து வருஷம் உள்ள இருந்தாரு. சுன் லிஜென் தைவான் போனாரு, அங்க சியாங்கே 1955-ல சந்தேகப்பட்டு வீட்டுச் சிறையில போட்டு முப்பது வருஷத்துக்கு மேல வெளிய விடல. வெய் லிஹுவாங் ஹாங்காங்ல ஒதுங்கியிருந்து 1955-ல பீஜிங் பக்கமே திரும்பிட்டாரு. ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே லி மி, அவரோட மிச்சப் படை 1950 வாக்குல யூனான்லேருந்து பர்மாவுக்குள்ள ஓடி ஷான் மலையில தங்கி, அபின் கடத்தல்ல இறங்கி, கோல்டன் ட்ரையாங்கிள்னு உலகம் பூரா பேசுன சமாச்சாரத்துக்கு ஒரு முக்கியக் காரணமாச்சு. சோங்ஷானைப் பிடிச்ச அதே ஆள்.

தெங்சோங்ல 1945-லயே ஒரு கல்லறைத் தோட்டம் கட்டினாங்க. கூம்பு மாதிரி ஒரு சின்னக் குன்று, அதைச் சுத்தி அடியிலேருந்து உச்சி வரைக்கும் 3,346 சின்னக் கற்கள், ஒவ்வொண்ணுலயும் பேர், பதவி, படைப்பிரிவு வரிசைப்படி, ஏதோ மறுபடி மேல ஏறப் போற மாதிரி. கலாச்சாரப் புரட்சி காலத்துல இதையும் அடிச்சு உடைச்சாங்க, சியாங்கோட கோமின்டாங் கட்சிப் படைங்கிறதால. 1980-கள்ல திரும்ப சீர் பண்ணாங்க. வாசல் கிட்ட ஒரு ஓரத்துல தாழ்வா இன்னொரு மண்மேடு இருக்கு, அதுக்கடியில ஜப்பான்காரங்க. கல்லுல பேரு, பதவி எதுவும் கிடையாது, ரெண்டே ரெண்டு எழுத்து, வோ சமாதின்னு. வோங்கிறது ஜப்பான்காரங்களை சீனாக்காரங்க பழைய காலத்துலேருந்து இளக்காரமா கூப்பிடுற பேர்.